கம்பத்திலிருந்து ராமேசுவரம்

கம்பத்திலும் சின்னமனூரிலும் குடியிருப்பவர்களுக்கு மலை என்றால் கொல்லைப்புறம். கடல் என்றால் பிரயாணம். "எங்கேயாவது கடலோரமாகப் போய் வரலாமே" என்று வீட்டில் பேச்சு எழுந்தால், சனி, ஞாயிறு இரண்டே நாள் லீவில் பார்த்துத் திரும்பக்கூடிய பழம் பெருமை வாய்ந்த ஊர் ராமேசுவரம். திருச்செந்தூர் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் பள்ளத்தாக்குக்காரர்கள் ராமேசுவரம் போவதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கோயிலுக்குள் போனதும் சொல்கிறேன்.

முதலில் வழி. தேனியிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் குறைவில்லை. 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயிலும் அகலப் பாதையாகி, 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் திரும்பி வந்துவிட்டது. மதுரைக்கு அப்பால் பஸ்ஸோ, காரோ எதில் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் போக, வர என்ற இரண்டில் ஒரு தடவையாவது ரயிலில் போகவேண்டும். அதுவும் பகல் வண்டியில். இருட்டில் பாம்பனைக் கடப்பதற்கு வீட்டிலேயே தூங்கலாம்! 1914-ல் திறந்த பழைய பாலம் ஓய்வு பெற்றுவிட்டது. 2025 ஏப்ரலிலிருந்து பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலத்தில் வண்டி ஓடுகிறது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி மட்டும், 70 மீட்டருக்கு மேல் நீளமுள்ள இரும்புத் தளம், லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே எழும்பி வழி விடுகிறது. ஜன்னலோரச் சீட்டைக் குழந்தைகளுக்கு விட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் சண்டை வரும்.

சனிக்கிழமை பிற்பகலைத் தனுஷ்கோடிக்கு ஒதுக்குங்கள். ஊரிலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 20 கிலோமீட்டர். 2017-லிருந்து கடைசி வரை தார் ரோடு. நிழல் என்று பெயருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. குடையும் குடிதண்ணீரும் கையோடு இருக்கட்டும். முனையில் இறங்கிக் குளிக்க ஆசைப்படாதீர்கள், நீரோட்டம் பொல்லாதது. பொழுது சாய்ந்தபின் அங்கே தங்க விடமாட்டார்கள்.

சென்னையிலிருந்து வந்த 'போட் மெயில்' பிரயாணிகள் இங்கேதான் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் ஊரும் போயிற்று, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டியும் போயிற்று. வண்டியில் இருந்தவர்கள் நூற்றுக்கு மேல். மாதா கோயிலின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. அவற்றின் மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு என்னவோ போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு. காலை ஐந்து மணிக்கெல்லாம் ஸ்படிக லிங்க தரிசனம். ஒரு மணி நேரந்தான். பிறகு அக்கினி தீர்த்தத்தில் முழுகி, உள்ளே 22 தீர்த்தங்களிலும் நீராடலாம். ஈரப் புடவையோடு சந்நிதிக்குப் போக முடியாது. மாற்றுத் துணியை மறவாதீர்கள். செல்போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். பாட்டிக்கு 22-ம் ஆடவேண்டும் என்பார். பேரனுக்கு மூன்றாவது கிணற்றிலேயே பல் கிட்டிவிடும். பேரனைத் துவட்டி உட்கார வைக்க ஒருவர் வெளியே இருப்பது நல்லது.

தரிசனம் ஆயிற்றா? இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் பிராகாரத்தில் நடந்து பாருங்கள். கிழக்கு மேற்காக 690 அடி. ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட தூண்கள். முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவேறிய திருப்பணி இது. மேற்கு வாசல் பக்கம் சேதுபதிக்கும் அவருடைய இரண்டு பிரதானிகளுக்கும் சிலைகள் இருக்கின்றன. பெரிய பிரதானியின் பெயர் முத்திருளப்ப பிள்ளை.

யார் இவர்? மேற்கே ஓடிக் கடலில் வீணாகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையில் விட்டால் என்ன என்று முதன்முதலில் ஆராய்ந்தவர்! 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மழை பொய்த்தால் கண்மாய் கண்மாயாக வறண்டு கிடக்கும் ராமநாதபுரத்துச் சீமையிலிருந்துகொண்டு நம் மலையைப் பற்றி யோசித்திருக்கிறார். செலவு கட்டுபடியாகாது என்று கண்டு விட்டுவிட்டார். 1795-ல் கம்பெனியார் சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1895-ல், பென்னிகுயிக் அணை கட்டி, மலையைக் குடைந்து தண்ணீரைக் கொண்டு வந்தார். கம்பத்து வயல்கள் இரு போகம் கண்டன.

பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் எழுந்தது. பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். செய்யவேண்டியதுதான், அவர் செய்தது லேசான காரியமா? ஆனால் பெரிய பிரதானியை நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் வீட்டு உலையில் கொதிக்கும் அரிசிக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டு என்று குழந்தைகளுக்குச் சொல்ல, இந்தச் சிலைக்கு எதிரே நிற்பதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஈரத் தலையோடு ஓடுகிற அவசரத்தில் பலர் கண்ணில் அது படுவதே இல்லை.

பகல் ஒரு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். சங்கு, சோழிக் கடைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டுக்குள் மேற்கு வாசலுக்குப் போய்விடுங்கள்.