ரிச்சி தெருவில் ஒரு புது போன்

சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால், ஒயரும் ஸ்பீக்கரும் விற்கும் கடைகளுக்கு இடையே மாடிப்படி தென்படும் இடமெல்லாம் போன் மெக்கானிக்குகள். நான் போயிருந்த பட்டறையின் மேசையில் ஓர் ஐபோன் 16 கிடந்தது. புத்தம் புதுசு, ஆனால் அதன்மேல் பைக் சக்கரம் ஏறியிருந்தது. திரை நொறுங்கி, சட்டமும் வளைந்துவிட்டதால் உரிமையாளர் அதைப் பாகங்களின் விலைக்கே தள்ளிவிட்டார்.

பிரிக்க உட்கார்ந்த இளைஞர் முதலில் தேடியது கீழ்விளிம்பின் இரண்டு திருகுகளை. தலையில் ஐந்து இதழ் வடிவப் பள்ளம். ஐபோன் 4 காலத்தில் இவை வந்து சேர்ந்தபோது சாதாரண ஸ்க்ரூடிரைவர்களுக்கு வேலையில்லாமல் போனது. இன்று இந்தத் தெருவில் அதற்கான டிரைவர் சல்லிசு.

திருகு போனாலும் போன் திறக்காது. சூடேற்றும் தட்டில் வைத்து, 80 டிகிரியில் பசையை இளக்கி, விளிம்பில் பிளாஸ்டிக் தகட்டை நுழைத்தார். "பாத்துடா, உள்ள ஸ்ட்ரிப் இருக்கு" என்றார் பக்கத்தில் முதலாளி. அவசரப்பட்டு இழுத்தால் அந்த மெல்லிய இணைப்புப் பட்டை அறுந்துபோகும். பின்கண்ணாடியோடு வயர்லெஸ் சார்ஜிங் சுருளும் கிளம்பி வந்தது.

உள்ளே பார்ப்பவருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். பெரும்பகுதி பேட்டரிதான். கணினியின் வேலையெல்லாம் செய்யும் போர்டு ஓர் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதுவும் ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்த இரண்டு. 2017இல் ஐபோன் எக்ஸ் தொடங்கிவைத்த இந்த ஏற்பாட்டை மெக்கானிக்குகள் 'சாண்ட்விச் போர்டு' என்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள். 0.4 மில்லிமீட்டர் நீளமும் அதில் பாதி அகலமும் கொண்ட பாகங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. "தும்மிடாதீங்க சார்" என்றார் இளைஞர், பாதி வேடிக்கையாக.

எல்லோரும் பேச்சை நிறுத்தியது பேட்டரியைக் கழற்றும்போதுதான். பழைய மாடல்களில் அடியில் இருக்கும் பசை நாடாவை இழுத்து உருவ வேண்டும். பாதியில் அறுந்தால் ஆல்கஹால் விட்டு நெம்ப வேண்டியதுதான். பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். 2024இல் வந்த ஐபோன் 16இல் பசையே வேறு ரகம். மைக்குக்குப் போடும் 9 வோல்ட் பேட்டரியை ஒயரால் இணைத்தால், ஒன்றரை நிமிடத்தில் பிடியை விட்டுவிடுகிறது. இவ்வளவு எளிய வழி வர இத்தனை ஆண்டு ஏன் ஆனது என்று தயாரித்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சென்னைக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஐபோன்களைப் பூட்டுகிறார்கள். அவர்கள் ஒட்டுவதை இவர்கள் பிரிக்கிறார்கள். ஆனால் மென்பொருள் போடும் பூட்டுக்கு டிரைவரும் இல்லை, சூடும் உதவாது. பாகங்களை அந்தந்தப் போனோடு மென்பொருளில் பிணைக்கும் முறையைக் காரணம் காட்டி, அமெரிக்காவின் ஐஃபிக்ஸிட் நிறுவனம் 2023இல் ஐபோன் 14இன் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணை 7இலிருந்து 4ஆகக் குறைத்தது. ஐஓஎஸ் 18 வந்தபின் பழைய அசல் பாகத்தை இன்னொரு போனில் பொருத்திச் சரிசெய்துகொள்ள முடிகிறது. அதற்கும் பழைய சொந்தக்காரர் தன் கணக்கை நீக்கியிருக்க வேண்டும்.

கேமராவையும் பேட்டரியையும் தட்டில் எடுத்து வைத்த முதலாளி, விற்றவருக்குப் போன் போட்டார். "சார், ஐடிய இன்னும் எடுக்கலையே. இப்பவே எடுத்துவிட்டீங்கன்னாதான் மீதிப் பணம்."