பருத்திப்பட்டில் புகைந்த சோக்

'ஞாயித்துக்கிழமை பூந்தமல்லி போய்த் திரும்பி வந்தா, கார் நம்ம வீட்டுல. நடுவழியில நின்னா, திங்கட்கிழமையே வித்துடணும்!' - இது என் மனைவி போட்ட ஒப்பந்தம். பி.எஃப். பணத்தை எடுத்துப் பழைய காருக்குக் கொட்டியவன் எதிர்த்துப் பேச முடியுமா? தலையாட்டினேன்.

அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. 1961-லிருந்து நம்ம மெட்ராஸில் தயாரான மாடல். இதன் சேஸியையே கொஞ்சம் குட்டையாக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அந்தச் சொந்தபந்தத்தை நினைத்து, சேஸி முதல் பானெட் வரை செக்கச் சிவப்பாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருந்தேன். எண்பத்தொரு வயது அப்பா, பூந்தமல்லியில் தங்கை வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டதாகக் காலையிலேயே போன்.

அம்பத்தூர் ஷெட்டில், வெளி பேட்டரியை நேராக எஞ்சினில் கவ்வவைத்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார்கள். கூடவே 'மீதி சாமான் சார்' என்று ஒரு துணிப்பை. (எதைப் பிரித்துப் பூட்டினாலும் சாமான் மீதியாவது ஏன் என்று யாராவது ஆராயலாம்!)

திருமுல்லைவாயல், ஆவடி... சி.டி.எச். ரோட்டில் குதிரை மாதிரி ஓடியது. பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெருமை தாங்காமல் பருத்திப்பட்டு ஏரிப்பக்கம் டீ குடிக்க நிறுத்தினேன்.

அவ்வளவுதான். 'ர்ர்...க்' என்று ஒரு முனகல். அப்புறம் அதுவும் இல்லை.

ஹெரால்டில் ஒரு வசதி. பானெட், மட்கார்டோடு சேர்த்து மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பத்து பேர் எட்டிப் பார்க்கவும் அதே வசதி! 'பெட்ரோல் அடைப்பு' என்றார் ஒருவர். 'பிளக்' என்றார் இன்னொருவர். 'பேட்டரி காலி' என்றவருக்கு ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டினேன். பளிச்சென்று எரிந்தது.

"தம்பி, இன்னொரு தடவை அடிங்க" என்றார் டீ கிளாஸோடு நின்ற பெரியவர். அடித்தேன்.

"சோக் கேபிள் ஏன் புகையுது?"

தொட்டேன். சுட்டது!

ஆவடி டாங்கி ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிடையரானவராம். "எஞ்சின் ரப்பர் மேல உக்காந்திருக்கு தம்பி. ஸ்டார்ட்டருக்குப் போற கரன்ட்டு சேஸி வழியா பேட்டரிக்குத் திரும்பணும். அதுக்கு எர்த் பட்டை வேணும். அது இல்லைன்னா கிடைச்ச கம்பியில பாயும். நூறு ஆம்பியருக்கு மேல சோக் கேபிள் தாங்குமா? எங்க அந்தப் பட்டை?"

துணிப்பையைக் கவிழ்த்தேன். பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று விழுந்தது.

அடுத்ததுதான் கொடுமை. உப்புத்தாளை எடுத்து, புத்தம்புது சிவப்புப் பெயின்ட்டை இரண்டு இடத்தில் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டினார். "ஐயா, மெதுவா..." என்றேன். "பெயின்ட்டுல கரன்ட்டு போகாது தம்பி!" பட்டையை முடுக்கினார். ஒரே அடி. கிளம்பியது. டீக்காசு கொடுக்கக்கூட விடவில்லை மனுஷன்.

பூந்தமல்லியில் அப்பா முதலில் பானெட்டைத்தான் திறக்கச் சொன்னார். சுரண்டிய இடத்தை விரலால் தடவினார்.

"எர்த்தா? எழுபத்தெட்டுல பெயின்ட் அடிச்சப்பவும் இதேதான். உங்கம்மாவை உள்ளே உக்காரவெச்சு, திருமழிசையிலேர்ந்து தள்ளிக்கிட்டு வந்தேன்."

"முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?"

"நீ கேட்டியா?" என்றபடி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.