ஏழு ஆண்டுகள் ஓதியபின் என்ன வேலை?



சென்ற வாரம் இஷாவுக்குப் பின் ராத்தா தொலைபேசியில் அழைத்தார். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவிருக்கும் அவருடைய மகன், தேர்வு முடிந்ததும் மதரஸாவில் சேர்ந்து ஆலிம் ஓதப் போவதாகப் பிடிவாதமாய் நிற்கிறானாம். "நல்ல எண்ணந்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனா ஏழு வருசம் ஓதிட்டு வந்து என்ன வேலைக்குப் போவான் தம்பி? நீங்க ரெண்டு பேரும் அரபிதானே சொல்லிக் கொடுக்கிறீங்க. உள்ளதைச் சொல்லுங்க" என்றார்.

உள்ளதைச் சொல்வதென்றால் எங்கள் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கணவன் மனைவி இருவருமே மதரஸாவில் ஓதி ஸனது பெற்றவர்கள். நஹ்வும் ஸர்ஃபும் தலைகீழாகத் தெரியும். தஃப்ஸீர் கிதாபுகளைத் தட்டின்றி வாசிப்போம். ஆகவே அரபி தெரிந்தவர்கள் என்றே எங்களை நாங்கள் நம்பியிருந்தோம்.

அந்த நம்பிக்கை முதலில் உடைந்தது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். அரபி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்த எங்களுள் கணவரை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். அவர் தாம் ஓதிய முறைப்படியே கரும்பலகையில் 'ஸைது அம்ரை அடித்தான்' என்ற வாக்கியத்தை அரபியில் எழுதி, எழுவாய்க்கு ளம்மும் செயப்படுபொருளுக்கு ஃபத்ஹும் வரும் காரணத்தை விளக்கத் தொடங்கினார். நூற்றாண்டுகளாக நஹ்வு கிதாபுகளில் ஸைது அம்ரை அடித்துக்கொண்டேதான் இருக்கிறார். யாரும் காரணம் கேட்டதில்லை. முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமி கேட்டாள்: "ஏன் சார் அடிச்சாரு?" வகுப்பே சிரித்தது. வேலை கிடைக்கவில்லை. வீடு திரும்பியவர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

ஒரு மொழியை அறிவது வேறு, அதை அறியாதவருக்குக் கற்பிப்பது வேறு என்பதை அதன் பிறகே உணர்ந்தோம். எங்களுக்கு வழிகாட்டியது டாக்டர் வி. அப்துர் ரஹீம் அவர்களின் பாடநூல்தான். 1933இல் வாணியம்பாடியில் பிறந்த அவர், மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் அரபி கற்பித்து, 2023இல் மறைந்தார். அரபியரல்லாதோருக்காக அவர் எழுதிய பாடநூல் இன்று உலகெங்கும் 'மதீனா புத்தகம்' என்று வழங்குகிறது. 'இது' என்ற ஒரு சொல்லையும் கண்ணெதிரே உள்ள பொருள்களையும் வைத்துக்கொண்டே முதல் பாடம் நகர்கிறது; இலக்கணம் பின்னால் ஓசையின்றி வந்து சேர்கிறது. அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாமல், கற்றுத் தேர்ந்தவர் என்பதால்தான் கற்பவன் தடுமாறும் இடங்களெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன என்பது எங்கள் எண்ணம்.

இனி ராத்தாவின் கேள்விக்கு வருவோம். பள்ளி, கல்லூரி வேலைகளுக்கு மதரஸா ஸனது மட்டும் போதாது. பள்ளிகள் பட்டத்துடன் பி.எட். கேட்கின்றன, கல்லூரிகள் எம்.ஏ.வுடன் நெட், செட் அல்லது முனைவர் பட்டம் எதிர்பார்க்கின்றன. எங்களுள் கணவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமாத் தேர்வையும் பின்னர் எம்.ஏ.வையும் எழுதி முடித்தபோது வயது முப்பத்திரண்டு. பதினெட்டில் தொடங்கியிருக்க வேண்டியது. சென்னை நியூ காலேஜ், திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி போன்ற இடங்களில் அரபித்துறைகள் இருந்தாலும் காலியிடங்கள் அரிதாகவே வருகின்றன. கேரளத்தில் அரசுப் பள்ளிகளிலேயே அரபி ஆசிரியர் பணியிடங்கள் பரவலாக உண்டு. நம் மாநிலத்தில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

வகுப்பறைக்கு வெளியேதான் நாங்கள் எதிர்பாராத கதவுகள் திறந்தன. ஓமன், ஏமன், இராக் நாடுகளிலிருந்து சென்னை மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. அந்த வேலைக்குச் சென்ற முதல் நாள், ஓர் இராக்கியப் பெரியவர் புன்னகையுடன் "ஷ்லோனக்?" என்றார். லவ்ன் என்றால் நிறம் என்றுதானே ஓதியிருக்கிறோம்! 'உன் நிறம் என்ன' என்று கேட்கிறாரோ எனத் திகைத்து நின்றார் எங்கள் மவ்லவி. 'நலமா' என்பதே அதன் பொருள் எனப் பக்கத்திலிருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. அதன் பிறகு ஆறு மாதங்கள் வட்டார வழக்குகளைக் கேட்டே கழிந்தன: வானொலி, காணொளி, காத்திருப்பு அறையில் நோயாளிகளின் உறவினர்களோடு பேச்சு. சிறுநீரகம், மயக்க மருந்து, தையல் போன்ற சொற்களுக்கு ஒரு நோட்டுப்புத்தகம் போட்டுக்கொண்டார். மருத்துவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதும், கேட்டதை வெளியில் சொல்லாதிருப்பதும் அந்த வேலையின் அமானிதம். ஒருவருடைய நோய் மிஞ்சிவிட்டது என்ற செய்தியை அவருடைய மகனிடம் அரபியில் சொல்ல வேண்டிய நாள் வந்தபோது, எந்த அகராதியும் உதவவில்லை.

எங்களுள் மனைவியின் வருவாய் இப்போது கணவருடையதைவிட அதிகம். இதைச் சொல்ல எங்களுக்குத் தயக்கமில்லை. வீட்டிலிருந்தே இணையவழியில், சிங்கப்பூரிலும் இலண்டனிலும் வாழும் நம் தமிழ்ப் பெண்களுக்கு அவர் அரபி கற்பிக்கிறார். குர்ஆனைப் பொருளுணர்ந்து ஓத விரும்பும் பெண்கள், பெண் ஆசிரியையைத்தான் தேடுகிறார்கள். சிங்கப்பூர் வகுப்பு அஸருக்குப் பின். இலண்டன் வகுப்பு இரவில். அரபி விசைப்பலகையில் விரைந்து தட்டெழுதுவது, திரையைப் பகிர்ந்து பாடம் நடத்துவது, தமிழ் தடுமாறும் அங்குள்ள பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் விளக்குவது ஆகியவற்றை எந்த மதரஸாவும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

கட்டணம் கேட்கத்தான் முதலில் கூசியது. தீனைச் சொல்லிக் கொடுக்கக் கூலியா என்று உறவிலேயே ஒருவர் கேட்டார். ஷாஃபிஈ மத்ஹபில் அது கூடும். ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்களும் அனுமதித்துள்ளனர். பத்ருப் போரின் கைதிகளுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பிள்ளைகளுக்கு அதைக் கற்பிப்பதையே மீட்புத்தொகையாகக் கொள்ளலாம் என நபி (ஸல்) அவர்கள் ஏற்ற செய்தியையும் நாங்கள் நினைத்துக்கொண்டோம். கற்பிப்பதற்கு விலைமதிப்பு உண்டு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? இயலாதவர்களிடம் இன்றும் கேட்பதில்லை.

எழுத்து மொழிபெயர்ப்பு மட்டும் எங்களுக்கு மெலிந்துவிட்டது. முன்பு சான்றிதழ், கடிதம் என்று வந்தவர்கள் இப்போது கணினியில் மொழிபெயர்த்துவிட்டு, சரிபார்க்க மட்டும் கொண்டுவருகிறார்கள். ஆகவே மொழிபெயர்ப்பை மட்டுமே நம்பி எந்தப் பிள்ளையையும் அனுப்ப வேண்டாம்.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு ராத்தா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மருமகனிடம் தொலைபேசி போனது. "மாமா, ஏழு வருசத்துல அரபி பேச வந்துடுமா?" என்றான். கிதாபு ஓதினால் மட்டும் வராது, தினமும் பேசினால் ஓராண்டிலேயே வரும் என்றோம். பேச ஆள் வேண்டுமே என்றான். நியாயமான கேள்விதான், தினமும் ஃபஜ்ருக்குப் பின் பத்து நிமிடம் எங்களை அழைக்கச் சொல்லியிருக்கிறோம்.

மதரஸாக்களில் சேர்க்கை ஷவ்வாலில். வரும் வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் மருமகனை அழைத்துக்கொண்டு ஒரு மதரஸாவைப் பார்க்கச் செல்கிறோம். ஓதிக்கொண்டே பன்னிரண்டாம் வகுப்பும் பட்டமும் எழுத விடுவார்களா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று ராத்தா சொல்லியிருக்கிறார்.