வெண்புகைக்கு அடியில்

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சியோன் நகரத்துக்கு வருகிறவர்கள் குன்றுகளின் மேலுள்ள கோட்டையையும் தேவாலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நகரத்துக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கில், 20 மீட்டர் உயர இரும்புக் கம்பம் ஒன்று நிற்கிறது. பனிச்சரிவு வந்து மோதட்டும் என்றே நட்ட கம்பம் அது. டாவோஸ் நகரத்தின் பனி ஆய்வு நிறுவனம் 1990களின் கடைசியிலிருந்து இந்த மலையைச் சோதனைக்களமாக வைத்திருக்கிறது. எதிர்ச்சரிவில் ஆய்வாளர்கள் ஒதுங்கக் கான்கிரீட் அறை உண்டு; 1999 பிப்ரவரியில் அந்த அறையையே பனி மூடியது. இத்தனை பாடு எதற்கு, எட்ட நின்று படம் பிடித்தால் போதாதா என்று கேட்கலாம். படத்தில் விழுவது சுருண்டெழும் வெண்புகை மட்டுமே. அதில் கனமீட்டருக்குச் சில கிலோ பனிதான், மீதி காற்று. கனமீட்டருக்கு நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பனி தரையை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. புகையை ஊடுருவும் ரேடார் வைத்துப் பார்த்தபோது, ஒற்றைச் சரிவாகத் தோன்றியது ஒன்றையொன்று துரத்தி முந்தும் பல அலைகள் என்று தெரிந்தது. பனியின் வெப்பநிலையும் ஓட்டத்தை மாற்றுகிறது. கான்கிரீட் கலக்கும் உருளையில் பனியைப் போட்டுச் சுழற்றினார்கள், ஏறக்குறைய மைனஸ் 1 டிகிரிக்கு மேல் போனதும் தூள் உருண்டைகளாகத் திரண்டது.

கணக்கு இருக்கும்போது கம்பம் எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. எடையால் வரும் உராய்வு, வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் தடை என்று இரண்டை மட்டும் வைத்து அடால்ஃப் வோல்மி 1955-இல் தந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. பனி எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு அது நன்றாகவே உதவுகிறது; அதன் எண்களைப் பழைய சரிவுகளுக்குப் பொருந்துமாறு திருத்திக்கொள்கிறார்கள். சுவரில் விழும் அடியை, அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கணிப்பது வழக்கம். அப்படியானால் மெதுவாக வருவது சாதுவாக இருக்க வேண்டும். கம்பத்தின் அளவீடு அதை மறுக்கிறது: ஊர்ந்து வரும் ஈரப்பனி கணக்கைவிடப் பலமடங்கு அழுத்துகிறது, ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடுகிறது. பனிக்கட்டிகள் தடுப்பின் முன் நெருக்கியடித்து, பின்னால் வரும் பாரத்தையும் அதன்மேல் சுமத்துகின்றன. சோதனைக்காக வெடி வைத்து இறக்கும் பனி, தானாக இறங்குவதைப் போன்றதுதானா என்ற ஐயத்துக்கும் பெரிய இடமில்லை. வெடி நேரத்தைத்தான் தீர்மானிக்கிறது, தானாக இறங்கிய சரிவுகளையும் அங்கே அளந்திருக்கிறார்கள். ஒரு மலையின் எண்களை அப்படியே இமயமலைக்குக் கொண்டுபோக முடியாது என்பது மட்டும் நியாயமான ஆட்சேபணை. ஆனாலும் பனி நெருக்கித் தள்ளும் விதம் எந்த மலைக்கும் பொது. அதனால் பள்ளத்தாக்கில் மின்கம்பமோ பாலத்தூணோ நடுகிறவர், பனி எவ்வளவு வேகமாக வரும் என்பதோடு, ஈரப்பனி எத்தனை மீட்டர் ஆழத்துக்கு வரும் என்றும் கேட்டாக வேண்டும்.