உள்ளே தங்கிய ஈரம்



லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை நாம் அதிகம் வாசிப்பதில்லை. வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமாகக் குழி விழுந்த கறைகள் தோன்றினால் செய்யவேண்டியவை அங்கே வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. வீட்டுக்காரனே ஆசாரியனிடம் சென்று அறிவிக்கவேண்டும். ஆசாரியன் நுழையுமுன் வீடு ஒழித்துவைக்கப்படவேண்டும். அவன் பார்த்தபின் வீடு ஏழு நாள் அடைக்கப்படும். கறை படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்குப் புறம்பே எறிந்து, உட்சுவரைச் செதுக்கி, வேறு கற்களை வைத்துப் பூசவேண்டும். வீட்டு ஈரத்தைப் பற்றி வேதத்தில் இத்தனை விவரம் எதற்கு என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. சென்ற வசந்த காலத்தில் ஒன்டாரியோ ஏரிக்கரையில் நின்றபோது இந்த அதிகாரம் எனக்குப் புதிதாக விளங்கிற்று.

நம் சபையின் சகோதரர் ஒருவர் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்க விரும்பினார். அவருடைய தகப்பனார் இளவயதில் யாழ்ப்பாணக் கடலில் வள்ளம் ஓட்டியவர்; நாட்டைவிட்டு வந்தபின் படகில் கால் வைக்காதவர். இப்போது எழுபதைக் கடந்துவிட்டார். அவரை மீண்டும் ஒரு பாயின் கீழ் அமர்த்திப் பார்க்கவேண்டும் என்று மகன் மூன்று ஆண்டுகளாகப் பணம் சேர்த்திருந்தார். துணைக்கு என்னையும் அழைத்தார்கள். அவர்களுடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன்.

படகு 22 அடி நீளமுள்ளது. 1970களில் கண்ணாடியிழையால் கட்டப்பட்டது. பனிக்காலம் முழுவதும் கரையில் தாங்கிகளின்மேல் நின்றிருந்தது. பார்வைக்குக் குறையொன்றும் இல்லை. வெள்ளைப் பூச்சு மின்னிற்று. அறையின் தரையில் புதிய கம்பளம் விரித்திருந்தது. படகுகளைச் சோதித்துச் சொல்வதைத் தொழிலாகக் கொண்ட முதியவர் ஒருவரைச் சகோதரர் அமர்த்தியிருந்தார். அவர் செய்தவற்றைப் பார்த்துக்கொண்டே நான் கற்றுக்கொண்டேன்.

இத்தகைய படகின் மேல்தளம் ஒரே பொருளால் ஆனதன்று. மேலும் கீழும் மெல்லிய கண்ணாடியிழைத் தகடுகள்; அவற்றின் நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ ஒட்டப்பட்டிருக்கும். தகடு அழுகாது, நடுவிலுள்ள மரம் அழுகும். கைப்பிடிக் கம்பிகளையும் கயிறு கட்டும் கொண்டிகளையும் பொருத்தத் தளத்தில் துளையிடுவார்கள். அத்துளைகளில் இட்ட அடைப்புப் பசை ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகிப் பிளவுபடும். மயிரிழை போன்ற அந்தப் பிளவின் வழியே நீர் உள்ளே செல்லும். தகடுகளுக்கு நடுவில் அகப்பட்டதால் வெளியேற மாட்டாது. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை உளுக்கச் செய்யும் பூஞ்சை வளராது. ஈரம் மிகுந்து நிலைத்துவிட்டால் அது தன் வேலையைத் தொடங்கும். கனடாவின் குளிரோ இன்னொரு கேட்டைச் சேர்க்கிறது. நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவடைவதால், ஒட்டியிருந்த தகடும் மரமும் சிறிது சிறிதாகப் பிரிகின்றன.

அந்த முதியவர் முதலில் காலணியின் குதிகாலை ஊன்றித் தளமெங்கும் நடந்தார். பிறகு சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் ஓரோர் அங்குலமாகத் தட்டிச் சென்றார். நல்ல இடத்தில் ஓசை தெளிவாகவும் கூர்மையாகவும் எழும்பிற்று. கைப்பிடிக் கம்பியொன்றின் அடியில் அது மந்தமாயிற்று. அதன்பின்னரே ஈரம் அளக்கும் கருவியை வைத்தார். கருவி காட்டிய எண்ணைக் கொண்டு உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. தளத்தின் அடியில் உலோகம் இருந்தாலும், தண்ணீர்த் தொட்டி இருந்தாலும், மேற்பரப்பில் பனி ஈரம் இருந்தாலும் எண் உயரும் என்றார். நன்றாக உலர்ந்ததென்று தெரிந்த இடத்தின் அளவோடு ஒப்பிட்டு, ஓசையும் எண்ணும் ஒத்துச் சொன்ன இடங்களை மட்டும் சுண்ணக்கட்டியால் குறித்தார். விற்பவரின் சம்மதமின்றி ஓர் ஆணியைக்கூட அவர் கழற்றவில்லை.

அறைக்குள் இறங்கியதும் தகப்பனார் மூக்கைச் சுளித்தார். பாய்மரத்தைத் தாங்கும் தூணருகே காலை அழுத்தினார். தரை இலேசாக அமிழ்ந்தது. "தம்பி, இந்தக் கம்பளத்தை ஒருக்கா எடுத்துக் காட்டச் சொல்லு," என்றார்.

மகன் ஆங்கிலத்தில் கேட்டார். விற்பவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு தாமே குனிந்து கம்பளத்தை உரித்தார். கீழே ஒட்டுப்பலகை கறுத்து, விரலால் குத்தினால் உதிரும் நிலையில் இருந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன் மேல்மூடியின் வழியாக நீர் இறங்கியதாகவும், செலவுக்குப் பயந்து மேலே மூடிவைத்ததாகவும் அவர் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமும் இருந்தது. ஏதோ ஒரு பாரம் இறங்கியது போன்ற ஆறுதலும் இருந்தது.

சகோதரர் படகை விட்டுவிடுவார் என்றே நான் நினைத்தேன். தகப்பனார், தூணும் அடிக்கூடும் உறுதியாயிருக்கின்றன, கெட்டதை வெட்டி எடுக்கலாம் என்றார். சோதித்த முதியவரும் அதை ஒப்புக்கொண்டார். விலை பாதியாகக் குறைந்தது. தந்தையும் மகனும் அந்தக் கோடையில் அழுகிய பலகையை அறுத்தெடுத்தார்கள். உடனே புதியதைப் பொருத்தவில்லை. பல வாரங்கள் திறந்தபடியே காயவிட்டு, கருவியின் எண் இறங்கியபிறகே புதுப் பலகையை எப்பாக்சிப் பிசினால் ஒட்டினார்கள். தளத்தின் துளைகளைப் பெரிதாக்கிப் பிசினால் நிரப்பி, அது இறுகியபின் நடுவே மறுபடி துளையிட்டார்கள். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

அன்பானவர்களே, கற்களைப் பெயர்க்காமல் மேலே மட்டும் பூச மோசேயின் பிரமாணம் இடங்கொடுக்கவில்லை. ஈரத்தின்மேல் பூசிய பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கிறது. நம்முடைய வீடுகளிலும் அப்படிப்பட்ட கம்பளங்கள் உண்டு. மனைவி அறியாத கடன், பத்து ஆண்டுகளாகப் பேசாத உடன்பிறப்பு, ஒவ்வொரு ஞாயிறும் புன்னகையோடு கைகொடுத்தும் உள்ளே ஆறாத கசப்பு ஆகியவற்றை நாம் மூடிவைத்துவிட்டு, மூடியதாலேயே தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். கால் படும்போது தரை அமிழ்வதை நம்மோடு வாழ்கிறவர்கள் அறிவார்கள்.

அதேவேளையில், சுத்தியலை எடுத்துக்கொண்டு பிறருடைய தளத்தைத் தட்டப் புறப்படுவதும் நமக்குரியதல்ல. ஒரே ஒரு அளவைக் கொண்டு ஒருவரைக் கெட்டவர் என்று தீர்க்கக்கூடாது. வேதத்திலும் வீட்டுக்காரனே முதலில் வந்து சொல்கிறான். ஆசாரியன் ஏழு நாள் பொறுத்திருக்கிறான். சோதித்தறியும்படி தாவீது தன்னையே தேவனிடம் ஒப்புக்கொடுத்தான், அயலானை அல்ல.

இந்த வாரத்தில் நீங்கள் அறிந்து மூடிவைத்த ஒன்றை, நம்பத்தகுந்த ஒருவரிடம் திறந்து சொல்லுங்கள். கணவனிடமோ மனைவியிடமோ சொல்லலாம், என்னிடமும் வரலாம். சொன்னவுடனே எல்லாம் சீராகிவிடாது. காய்வதற்கு நாள் பிடிக்கும், அந்த நாட்களில் தரை திறந்தே கிடக்கும், பார்ப்பதற்கு அழகாயிராது. ஆயினும் புதுப் பலகை உலர்ந்த இடத்திலேதான் ஒட்டும்.

உள்ளத்தை ஆராய்கிற கர்த்தர், திறப்பதற்குத் தைரியத்தையும் காய்வதற்குப் பொறுமையையும் உங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.