வெடுக்கு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன். ஸ்கார்பரோ தமிழ்க்கடையில் விளைமீனை வெட்டியே தருகிறார்கள். ஆனாலும் இன்னொரு தரம் செவுள் பார்க்காமல், வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலை உரிக்காமல் சட்டியில் போட எனக்கு மனம் வராது. கையுறை போட்டும் பார்த்தேன். மிஞ்சிய செதில் எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியவில்லை. கழற்றி எறிந்துவிட்டேன்.

ஊரில் மீன் வெட்டிய கைக்கு யாரும் வைத்தியம் பார்த்ததில்லை. அம்மா கிணற்றடியில் அடுப்புச் சாம்பலும் பழப்புளிக் கோதும் சேர்த்துத் தேய்ப்பா. மிச்ச வெடுக்கு மணம் காற்றில் போய்விடும். போகாவிட்டால்தான் என்ன, ஒழுங்கை முழுக்க அன்றைக்கு மீன்குழம்புதானே.

இங்கே தை மாதத்தில் ஜன்னல் திறக்க முடியாது. வெளியே மைனஸ் 20. கம்பளிக் கையுறைக்குள் வெடுக்கு ஏறினால் அது அங்கேயே குடியிருக்கும். என் வேலையோ முதியோர் இல்லத்தில். முகம் துடைப்பதும் சாப்பாடு ஊட்டுவதும். என் கை எந்நேரமும் யாரோ ஒருவருடைய மூக்குக்குக் கீழேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை செய்த ஒருத்தி லிப்டுக்குள் மூக்கைச் சுருக்கினாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே நான் ஆராய்ச்சியாளன் ஆகிவிட்டேன்.

கிருமிநாசினி ஜெல் உதவாது. அல்கஹோல் ஆவியாகிப் போகும், வெடுக்கு இருக்கும். கடல்மீனின் தசையில் உள்ள ஒரு பொருளை, மீன் செத்தபின் பக்டீரியாக்கள் டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. மூக்கில் ஏறுவது அதுதான். அது காரம், புளிப்புப் பட்டால் உப்பாகி, ஆவியாகாமல் தண்ணீரோடு போய்விடும். அம்மாவின் பழப்புளி செய்த வேலை இது. சாம்பலும் காரம் என்பதால் அது புளிக்கு எதிராகத்தான் நின்றிருக்கும். இதை அம்மாவிடம் சொன்னால் போனை வைத்துவிடுவா.

ஆகவே என் முறை: வெட்டுமுன் விரல்களில் கொஞ்சம் தேங்காயெண்ணெய். வெட்டியபின் பச்சைத்தண்ணீர். பிறகு பாதித் தேசிக்காயை நகக்கண்ணில் குத்தித் திருகுவது. சவர்க்காரம் கடைசியில்தான். கத்தி கீறிய இடத்தில் தேசிப்புளி பட்டால் உயிர் போகும்.

உள்ளி வேறு சாதி. அது கந்தகம், தேசிக்காய்க்கு மசியாது. அதற்கென்று சவர்க்காரக் கட்டி போலவே எவர்சில்வரில் ஒன்று விற்கிறார்கள். வாங்கினேன். இப்போது கதவுக்கு முட்டுக் கொடுக்க நன்றாக இருக்கிறது.

இல்லத்தில் நியூஃபவுண்ட்லாந்துக் கிழவி ஒருத்தி இருந்தா. புருஷன் கொட் மீன் பிடித்தவர். 1992இல் அரசாங்கம் அங்கே கொட் மீன்பிடிக்குத் தடை போட்டபோது சுமார் 30,000 பேருக்குத் தொழில் போனது. அவருக்கும் போனது. கிழவிக்கு மகளின் பெயரே பாதி நாள் மறந்துபோகும். ஒரு ஞாயிறு பின்னேரம், தேசிக்காய் தேய்க்க நேரமில்லாமல் ஓடிப்போய்க் கஞ்சி ஊட்டினேன். கரண்டியைத் தள்ளிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து மோந்தா. கையை இழுக்கப் பார்த்தேன்.

"படகு வந்திட்டுதா?" என்றா.

வந்துவிட்டது என்றேன்.

"நிறைய மீனா?"

இரண்டு கிலோ விளைமீன் என்று வாய் வரைக்கும் வந்தது. நிறைய என்றேன். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. கையை அவ விடுகிற மாதிரி இல்லை.