அசையாத புள்ளி எது?

கொல்கத்தாவின் சால்ட் லேக் செக்டர் 5-க்கு வேலைக்கு வரும் சர்வே பட்டதாரிகள் பலருக்குக் கணினித் திரைதான் களம். ட்ரோன் படத்தில் கூரையையும் சாலையையும் பிரித்து வரைவார்கள். லைடார் புள்ளிகளை வகைப்படுத்துவார்கள். நல்ல வேலைதான். ஆனாலும் சர்வேயில் எந்தக் கிளைக்குப் போவதென்று கேட்டு வருகிறவர்களிடம், கொஞ்ச காலமாவது லெவல் கருவியோடு வெளியே நில்லுங்கள் என்றுதான் சொல்கிறேன். அதற்கு இதைவிடத் தோதான ஊர் இல்லை.

இந்த ஊரே கொட்டிய மண்ணில் எழுந்தது. 1960-களில் ஹூக்ளி ஆற்று வண்டலைத் தூர்வாரி, தண்ணீரோடு குழாய்வழி கொண்டுவந்து உப்புச் சதுப்பை மேடாக்கினார்கள். நகரை வடிவமைத்தவர் யூகோஸ்லாவியாவின் டோப்ரிவோயே தோஷ்கோவிச். அடியில் இருப்பது மென்களிமண். சுமை ஏறினால் களியிலுள்ள நீர் மெல்லக் கசிய, தரை அமிழும். கட்டடம் எவ்வளவு இறங்கியது என்று அளக்கப் போனால், பக்கத்துச் சுவரில் உயரத்துக்காகக் குறித்த பெஞ்ச்மார்க்கும் கூடவே இறங்கியிருக்கலாம். அப்போது ஒன்றுமே நடக்கவில்லை என்று கணக்கு சொல்லும்! அதனால் ஆழத்தில் ஊன்றிய குறியிலோ, அமிழும் பகுதிக்கு வெளியிலோ தொடங்கி அங்கேயே வந்து முடிக்கிறோம். துல்லிய லெவலிங்கில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குச் சில மில்லிமீட்டர் பிழைதான் அனுமதி. கருவியிலிருந்து பின்னோக்கும் பேக்சைட், முன்னோக்கும் ஃபோர்சைட் தூரங்களைச் சமமாக வைத்தால் பார்வைக் கோட்டின் சாய்வுப் பிழை தானே கழிந்துவிடும். 2019 ஆகஸ்டில் மெட்ரோ சுரங்கம் தோண்டும்போது பவ்பஜாரில் வீடுகள் இடிந்த பிறகு, இந்த மில்லிமீட்டர்களின் அருமையை விளக்க வேண்டியிருக்கவில்லை. 

எதை அசையாததாகக் கொள்கிறோம் என்பதில்தான் கிளைகள் பிரிகின்றன. ஜியோடெசிக்காரருக்கு அது பூமியின் கணித வடிவம். அதற்காக 1831-ல் இந்தியாவின் சர்வேயர் ஜெனரல் எவரெஸ்ட் இங்கே பராக்பூர் டிரங்க் சாலையில் அடிக்கோடு அளந்தார். அதன் முனைகளில் எழுப்பிய கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. தமிழ்நாட்டு நில அளவருக்குப் புலப்படமும் எல்லைக்கல்லும். வரப்பு நகரலாம், பதிவேடு நகராது. அங்கே கருவியைவிட மனிதர்களிடம் பேசத் தெரிய வேண்டும். அதைக் குறைவான வேலையாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஹைட்ரோகிராஃபர் வற்றுநீர் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆழம் சொல்கிறார். ஹூக்ளியில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் கப்பல் வழியை ஓயாமல் அளந்தாக வேண்டும். தண்ணீருக்கு அஞ்சாத பிள்ளைகளை அந்தப் பக்கம் போகச் சொல்கிறேன்.